கம்பியில்லா வலையின் காவல்



வானொலிப் பேச்சுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. யாருக்காகப் பேசுகிறோம் என்பது பேசுகிறவருக்கே தெரியாது. நிலையத்திலிருந்து புறப்படும் அலை மாடிவீடு என்றும் மண்குடிசை என்றும் பாராமல் எங்கும் பரவுகிறது. பெட்டியின் குமிழைத் திருப்புகிறவர் எவரோ, அவரே நேயர். "நீர் யார்?" என்று அவரை ஒருவரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கேட்பதனால் நமக்கு இன்பமேயன்றி நட்டம் இல்லை.

உங்கள் கைபேசியையும் கல்லூரி நூலகத்தில் உள்ள வைஃபைப் பெட்டியையும் இணைப்பதும் இதே இனத்தைச் சேர்ந்த அலைதான். ஆனால் அங்கே நிலைமை வேறு. அது ஒருவர் பேசப் பலர் கேட்கும் ஏற்பாடு அன்று. இருவர் தமக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. நண்பருக்கு நீங்கள் எழுதும் கடிதமும், தேர்வுக்குக் கட்டும் பணமும், வங்கிக் கணக்கின் விவரமும் அந்த அலையின் மேல் ஏறித்தான் போகின்றன. மதிலுக்கு வெளியே தெருவில் நிற்பவனுக்கும் அந்த அலை எட்டுகிறது. கம்பி வழியாக வரும் இணைப்பாக இருந்தால், அதைத் தொடுவதற்கே கட்டடத்துக்குள் வந்தாக வேண்டும். கட்டடத்துக்குக் கதவும் பூட்டும் காவற்காரரும் உண்டு. அலைக்குக் கதவு ஏது? ஆகையால் அந்தக் கதவை நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது. அஃது எவ்வாறு உண்டாக்கப்படுகிறது, அதன் காவல் யார் கையில் இருக்கிறது, அந்தக் காவலில் உங்களுக்குரிய பங்கு என்ன என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வீடுகளில் கையாளப்படும் வழி மிக எளிது. பெட்டிக்கு ஒரே கடவுச்சொல். அதை அறிந்தவர் யாவரும் வீட்டார். நான்கு பேர் வாழும் வீட்டுக்கு இது போதும். இரண்டாயிரம் பேர் படிக்கும் கல்லூரிக்கு? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்குச் சென்றிருந்தேன். நூலகச் சுவரில், "அமைதி காக்க" என்ற பலகைக்கு நேர் கீழே, வைஃபைக் கடவுச்சொல்லைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்கள். நூலகரிடம் கேட்டேன். "நாளொன்றுக்கு நூறு பேர் கேட்கிறார்கள், ஐயா. நூறு முறை சொல்வதைவிட ஒரு முறை எழுதிவிடலாம் அல்லவா?" என்றார். அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை. நூறு பேர் அறிந்த பிறகு, இரகசியம் என்ற பெயர்தானே மிச்சம்?

இந்த ஒற்றைச் சொல் முறையில் பெட்டிக்குத் தெரிவது ஒன்றுதான்: வந்தவனுக்குச் சொல் தெரியும் என்பது. வந்தவன் யார் என்பது தெரியாது. படிப்பை முடித்துப் போன மாணவன் பத்து ஆண்டுகள் கழித்து அந்த வழியே நடந்து போனாலும் அவனுடைய கைபேசி தானே இணைந்துகொள்ளும். அவனை மட்டும் தடுக்க இயலாது. தடுக்க வேண்டுமானால் இரண்டாயிரம் பேருக்கும் சொல்லை மாற்ற வேண்டும். இதனினும் கேடான செய்தி ஒன்று உண்டு. 2004-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் டபிள்யூ.பி.ஏ.2 முறையில், பொதுச் சொல்லை அறிந்த ஒருவன், மற்றொருவர் இணையும் நேரத்தில் அலையில் போகும் செய்திகளைப் பிடித்து வைத்துக்கொண்டால், அவருடைய மறைமொழியையும் அவிழ்த்துவிடலாம். 2018-ஆம் ஆண்டில் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் வந்தவர் யார் என்ற கேள்விக்கு, ஒற்றைச் சொல்லை நம்பும் வரையில், அதனிடமும் விடை இல்லை.

விடை வேறோர் இடத்தில், வைஃபை பிறப்பதற்கு முன்பே, தொலைபேசிக் கம்பியின் உதவியோடு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் மூன்று சேர்ந்து 1966-ஆம் ஆண்டில் தொடங்கியது மெரிட் என்னும் வலையமைப்பு. ஊர்தோறும் மோடம் பெட்டிகளை வைத்து, வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைப்பவர்களை அவற்றின் வழியாக உள்ளே விடுவது அதன் பணிகளுள் ஒன்று. அழைத்தவர் உரியவர்தாமா என்று பார்ப்பது எப்படி? ஒவ்வொரு பெட்டியிலும் பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதி வைக்கலாம். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அத்தனை பட்டியல்களிலும் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். விலகினால் அத்தனையிலும் அடிக்க வேண்டும். ஏதேனும் ஒரு பெட்டியில் அடிக்க மறந்தால், அந்த ஊர்க் கதவு அவருக்கு என்றும் திறந்தே கிடக்கும். இந்தத் தொல்லைக்கு 1991-ஆம் ஆண்டில் மெரிட் ஒரு தீர்வைத் தேடியது. லிவிங்ஸ்டன் என்டர்பிரைசஸ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் ரிக்னி முதலானோர் அதற்கு விடையளித்தார்கள். பட்டியல் ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். வாயிலில் நிற்கும் பெட்டிகள் யாவும் அந்த ஓரிடத்தைக் கேட்டு நடக்கட்டும் என்பதே அவர்கள் கண்ட வழி.

அதற்கு அவர்கள் இட்ட பெயர் ரேடியஸ். "ரிமோட் ஆதென்டிகேஷன் டயல்-இன் யூசர் சர்வீஸ்" என்ற நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. கணக்குப் பாடத்தில் ரேடியஸ் என்றால் வட்டத்தின் ஆரம் என்பது உங்களுக்குத் தெரியும். பின்னாளில் இதற்கு மேம்பட்டதாக ஒரு முறையை வகுத்தவர்கள் அதற்கு டயாமீட்டர், அதாவது விட்டம், என்று பெயர் வைத்தார்கள். ஆரத்தைப் போல இருமடங்கு என்பது அவர்களுடைய வேடிக்கை. விட்டம் பெரும்பாலும் கைபேசிக் கம்பெனிகளுக்குள் போய்த் தங்கிவிட்டது. கல்லூரி வாயிலில் இன்றும் ஆளுவது ஆரமே. ரேடியஸின் விதிகள் 1997-ஆம் ஆண்டில் எழுத்தில் வெளியாயின. 2000-ஆம் ஆண்டில் திருத்திய வடிவம் வந்தது. மோடத்தின் காலம் போய்விட்டது. கேட்டு நடக்கும் முறை மட்டும் நின்றது.

அந்தப் பட்டியலைக் காக்கும் கணினியைத்தான் சர்வர் என்கிறோம். சர்வர் என்றதும் சிலருக்கு ஓட்டலில் இட்லியும் சாம்பாரும் கொண்டு வருபவரின் நினைவு வரக்கூடும். சொல் ஒன்றுதான், கேட்டதைக் கொண்டுவந்து தருவதே இருவருக்கும் தொழில். நம்முடைய சர்வர் தருவது ஒரு விடை: "விடலாம்" அல்லது "விடாதே."

2001-ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் 802.1எக்ஸ் என்ற தரநிலையை வெளியிட்டது. இந்த நாடகத்தில் மூன்று பாத்திரங்கள். விண்ணப்பிப்பவர் உங்கள் கைபேசி. வாயிலில் நிற்பது வைஃபைப் பெட்டி. ஆக்சஸ் பாயின்ட் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். உள்ளறையில் அமர்ந்திருப்பது ரேடியஸ் சர்வர். கைபேசி பெட்டியை அணுகியவுடன் பெட்டி எல்லா வழிகளையும் அடைத்து ஒரே ஒரு சிறு துவாரத்தை மட்டும் விட்டு வைக்கிறது. அடையாளச் சோதனைக்குரிய செய்திகள் மட்டுமே அதன் வழியே போகலாம். "யார்?" என்று பெட்டி கேட்கிறது. கைபேசி ஒரு பெயரைச் சொல்கிறது. பெட்டி அதை உறையிலிட்டுச் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் ஒரு சவாலைத் திருப்பி அனுப்ப, பெட்டி அதைக் கைபேசியிடம் சேர்க்கிறது. இவ்வாறு பல முறை போக்குவரத்து நடக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய நயம் ஒன்று இருக்கிறது. பெட்டி இந்தக் கடிதங்களைச் சுமக்கிறதே தவிரப் படிப்பதில்லை. தபால்காரர் உறையைக் கொண்டுவந்து கொடுக்கிறார். உள்ளே எழுதியிருப்பது நல்ல செய்தியா, துக்கச் செய்தியா என்பது அவருக்குத் தெரியாது. பெட்டியின் நிலையும் அதுவே. கடைசியில் "விடலாம்" என்ற விடை வந்தால் கதவைத் திறக்கிறது. "விடாதே" என்று வந்தால் அடைக்கிறது. ஆகவே உங்கள் கடவுச்சொல், நடைபாதையின் கூரையில் தொங்கும் அந்தச் சிறு பெட்டியின் கைக்கு வருவதே இல்லை. எவனாவது அதைக் கழற்றிக்கொண்டு போனாலும் அதற்குள் மாணவர் கடவுச்சொல் ஒன்றும் அகப்படாது.

சோதனை முடியும்போது மற்றொன்றும் நடக்கிறது. கைபேசியும் சர்வரும் தம் உரையாடலிலிருந்து தனித்தனியே ஒரே திறவுகோலைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்கின்றன. அலை வழியே அந்தத் திறவுகோல் போவதில்லை. சர்வர் தன் பிரதியைப் பெட்டிக்கு மறைத்து அனுப்புகிறது. அதன் பின் கைபேசியும் பெட்டியும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொண்டு, அந்த ஒருவருக்கு மட்டுமே உரிய மறைமொழியைத் தொடங்குகின்றன. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு வேறு திறவுகோல். நூலகச் சுவரில் எழுதப்பட்ட சொல் தர முடியாத காப்பு இது.

இனி, இந்தச் சர்வரை எவ்வாறு அமைக்கிறார்கள் என்று பார்ப்போம். உங்களில் சிலர் நாளை இந்த வேலைக்கே போகக்கூடும். 1999-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஃப்ரீரேடியஸ் என்னும் மென்பொருளை எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். பழைய கணினி ஒன்று இருந்தால் வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம். முதல் வேலை, எந்தெந்தப் பெட்டிகள் இந்தச் சர்வரைக் கேட்கலாம் என்று எழுதி வைப்பது. ஒவ்வொரு பெட்டியின் வலை முகவரியையும், அந்தப் பெட்டிக்கும் சர்வருக்கும் மட்டும் பொதுவான ஓர் இரகசியச் சொல்லையும் எழுத வேண்டும். பெட்டியின் பக்கத்தில் சர்வரின் முகவரியையும், 1812 என்ற போர்ட் எண்ணையும், அதே இரகசியச் சொல்லையும் எழுத வேண்டும். தொடக்கத்தில் 1645 என்ற எண் வழங்கிற்று. அது வேறொரு சேவைக்கு ஒதுக்கப்பட்ட எண் என்று தெரிந்ததால் மாற்றினார்கள். பழைய கருவிகள் சில இன்னும் அந்தப் பழைய எண்ணிலேயே பேசிக்கொண்டிருக்கும்; எதிர்ப்பக்கத்தில் கேட்பார் இருக்கமாட்டார்.

இரகசியச் சொல் பிசகினால் என்ன ஆகும்? பிழை என்று சர்வர் சொல்லும் என எதிர்பார்ப்போம். சொல்லாது. வைஃபைச் சோதனையில் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் அந்த இரகசியச் சொல்லைக் கொண்டு இட்ட முத்திரை ஒன்று வரும். முத்திரை பொருந்தாவிட்டால் சர்வர் அந்தக் கடிதத்தை வாய் திறவாமல் கிழித்துப் போட்டுவிடும். அறியாதவனுக்கு விடை சொல்லி ஏன் துப்புக் கொடுக்க வேண்டும் என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான், ஆனால் அமைப்பவருக்கு அந்த மௌனம் பெருந்தொல்லை. ஒருநாள் இரவு முழுவதும் நான் ஒரு பெட்டியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். முகவரி சரி, போர்ட் சரி, இரகசியச் சொல்லும் பார்வைக்குச் சரி. விடியும் நேரத்தில்தான் தெரிந்தது, சொல்லை வேறோர் இடத்திலிருந்து எடுத்து ஒட்டியபோது அதன் இறுதியில் ஓர் இடைவெளியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது என்பது. கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஓர் இரவைத் தின்றுவிட்டது! ஃப்ரீரேடியஸைப் பெரிய எக்ஸ் எழுத்தைச் சேர்த்து இயக்கினால் தான் செய்வதையெல்லாம் திரையில் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போகும். அதை முதலிலேயே படித்திருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

பழகுவதற்காக அந்த மென்பொருளோடு வரும் மாதிரி இரகசியச் சொல் "டெஸ்டிங்123" என்பது. உலகம் முழுவதும் அறிந்த சொல். அதை உண்மையான பணியில் விட்டுவைப்பது, பூட்டை வாங்கிச் சாவியை அதிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். இன்னொன்று. ரேடியஸின் பழைய முத்திரை 1991-ஆம் ஆண்டில் ரொனால்ட் ரிவெஸ்ட் வகுத்த எம்.டி.5 என்னும் கணக்கை நம்பியது. அந்தக் கணக்கு நம்பத்தக்கதன்று என்று 2004-ஆம் ஆண்டிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. இருந்தும் இருபது ஆண்டுகள் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். 2024-ஆம் ஆண்டு ஜூலையில் ஆராய்ச்சியாளர் சிலர், நடுவழியில் இருப்பவன் "விடாதே" என்ற விடையை "விடலாம்" என்று மாற்றிவிட முடியும் எனக் காட்டினார்கள். பிளாஸ்ட்-ரேடியஸ் என்பது அதற்கு வழங்கும் பெயர். நாம் மேலே கண்ட வைஃபைச் சோதனை, கூடுதல் முத்திரையைக் கட்டாயமாகக் கேட்பதால் தப்பியது. அந்த முத்திரை இல்லாமல் நடந்த வேறு வகைச் சோதனைகள் அகப்பட்டுக்கொண்டன. இப்பொழுது எல்லாச் செய்திகளுக்கும் அந்த முத்திரையைக் கேட்குமாறு சர்வர்களைத் திருத்தி அமைக்கிறார்கள். பெட்டிக்கும் சர்வருக்கும் இடையே உள்ள வழி முழுவதையும் மறைமொழியால் மூடும் முறை 2012-ஆம் ஆண்டு முதலே எழுத்தில் இருக்கிறது. பலர் அதை எடுத்தாளவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் சக்கரத்தை மாற்ற எவருக்கும் மனம் வருவதில்லை.

அடுத்தது மாணவர் பட்டியல். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அனுபவம் உள்ளவர்களும் தடுக்கி விழும் இடம் இது. நல்ல கல்லூரி எதுவும் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அரிசியை அரைத்து மாவாக்கி வைப்பதுபோல, சொல்லை ஒரு கணக்கினால் அரைத்து அதன் மாவைத்தான் வைத்துக்கொள்ளும். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. நீங்கள் சொல்லைத் தந்தால் அதையும் அரைத்துப் பார்த்து, இரண்டு மாவும் ஒன்றா என்று ஒப்பிடலாம். ஆனால் பரவலாக வழங்கும் எம்.எஸ்.சாப் இரண்டாம் பதிப்பு என்ற முறையில் கைபேசி உங்கள் சொல்லை அனுப்புவதில்லை. தானே ஒரு குறிப்பிட்ட எந்திரத்தில் அரைத்து, அந்த மாவைக் கொண்டு சவாலுக்கு விடை கணக்கிட்டு அனுப்புகிறது. கல்லூரியோ வேறோர் எந்திரத்தில் அரைத்து வைத்திருக்கலாம். அப்பொழுது ஒப்பிட வழியே இல்லை. சொல் சரியாக இருந்தும் மாணவர் எல்லோருக்கும் "விடாதே" என்ற விடைதான் கிடைக்கும். எந்த எந்திரத்தில் அரைத்த மாவு கையில் இருக்கிறது என்று பார்த்த பின்பே சோதனை முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"விடலாம்" என்ற விடையோடு சர்வர் வேறு கட்டளைகளையும் சேர்த்து அனுப்பலாம்; ஆசிரியரை ஒரு வலைப்பகுதியிலும் மாணவரை மற்றொன்றிலும் சேர்க்கலாம். 1813 என்ற போர்ட்டில் கணக்கும் எழுதப்படுகிறது: யார், எந்தப் பெட்டியில், எப்பொழுது வந்தார், எப்பொழுது போனார் என்று. கணினியில் தவறு ஏதேனும் நடந்தால் தேடிக் காண இது உதவும். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு மாணவி எத்தனை மணிக்கு நூலகத்தில் இருந்தாள், எத்தனை மணிக்கு விடுதிக்குத் திரும்பினாள் என்பதும் அந்த ஏட்டில் எழுதப்படுகிறது. அதைத் தேவையான நாட்களுக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பதும், கேட்டவருக்கெல்லாம் காட்டக் கூடாது என்பதும் என் கருத்து.

இதுவரை சர்வர் உங்களைச் சோதிப்பதைப் பற்றியே பேசினேன். இனிச் சொல்லப்போவது அதனினும் முக்கியமானது. நீங்கள் சர்வரைச் சோதிக்கிறீர்களா?

வைஃபையின் பெயரை எவர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் கல்லூரி வைஃபைக்கு உள்ள அதே பெயரைத் தன் பையில் இருக்கும் சிறு பெட்டிக்கு வைத்துக்கொண்டு ஒருவன் சிற்றுண்டிச் சாலையில் வந்து உட்காரலாம். கைபேசி பெயரை மட்டும் பார்த்து, பழகிய இடம் என்று எண்ணி அவனிடம் போகும். அவனுடைய பெட்டிக்குப் பின்னால் அவனுடைய பொய்ச் சர்வர் இருக்கும். இதைத் தடுக்கவே சர்வர் முதலில் தன் சான்றிதழைக் காட்டுகிறது. "நான் இன்ன கல்லூரியின் சர்வர், இதற்கு இன்னார் கையொப்பம் இட்டிருக்கிறார்" என்பது அதன் வாசகம். கைபேசி அதைச் சரிபார்த்து, இருவருக்கும் இடையே மறைமொழியால் ஆன சுரங்கம் ஒன்றைத் தோண்டிய பின்பே, அதன் வழியே கடவுச்சொல்லுக்கான சோதனை நடக்கிறது. சுரங்கம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது யாருடைய வீட்டில் போய் முடிகிறது என்பதைப் பார்க்காவிட்டால் பயன் என்ன?

பார்க்க வேண்டிய நேரத்தில் நடப்பது என்ன? கைபேசித் திரையில், "இந்தச் சான்றிதழை நம்பலாமா?" என்று ஒரு கேள்வி வரும். வகுப்புக்கு நேரமாகிறது, பின்னால் நண்பர் அவசரப்படுத்துகிறார். "ஆம்" என்பதைத் தட்டிவிடுகிறோம். சில கல்லூரிகளின் அறிவிப்புத் தாளிலேயே, "சான்றிதழ் என்ற இடத்தில் 'சரிபார்க்க வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். காவற்காரரே வந்து கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகும் கதை இது. சிலவகைச் சோதனைகளில் பொய்ச் சர்வருக்கு உங்கள் கடவுச்சொல்லே நேராகப் போய்ச் சேரும். எம்.எஸ்.சாப் முறையில் அதன் மாவைக் கொண்டு கணக்கிட்ட விடை போகும். அந்த விடையிலிருந்து மாவை மீட்பது, ஒரே ஒரு 56 பிட் திறவுகோலைத் தேடும் வேலைதான் என்று மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டேவிட் ஹல்டனும் 2012-ஆம் ஆண்டில் காட்டினார்கள். அதற்கென்று செய்த எந்திரத்தில் ஒரு நாளைக்குள் அது முடிந்தது. மாவு கிடைத்தால் போதும், அந்தச் சோதனையில் அவன் நீங்களாகவே நடிக்கலாம். பல கல்லூரிகளில் வைஃபைக்கும், மின்னஞ்சலுக்கும், தேர்வு முடிவு பார்ப்பதற்கும் கடவுச்சொல் ஒன்றேதான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்று இல்லாமல் இல்லை. எந்தச் சர்வரின் பெயரை நம்ப வேண்டும், யார் கையொப்பத்தை ஏற்க வேண்டும் என்பதைக் கல்லூரியே ஒரு கோப்பில் எழுதித் தந்து, கைபேசியில் முன்கூட்டியே பதித்துவிட வேண்டும். அதன் பின் கேள்வியே எழாது. பொய்ச் சர்வர் வந்தால் கைபேசி தானே விலகிக்கொள்ளும். கடவுச்சொல்லையே விட்டுவிட்டு ஒவ்வொரு மாணவருக்கும் தனிச் சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. அது சிறந்தது, திருடிப் போகச் சொல் என்று ஒன்று இராது. ஆனால் ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை வழங்கவும் திரும்பப் பெறவும் ஆள் வேண்டும். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆண்டிராய்டு 11-இன் திருத்தம் ஒன்றில், கூகிள் தன் சொந்தக் கைபேசிகளிலிருந்து "சரிபார்க்க வேண்டாம்" என்ற வழியையே எடுத்துவிட்டது. அந்தத் தாளை அச்சிட்ட கல்லூரிகள் என்ன செய்தன என்று நான் விசாரிக்கவில்லை.

சான்றிதழுக்கு முடிவு நாள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை மறந்துவிட்டால், ஒருநாள் காலையில் விடுதி முழுவதும் இணைப்பில்லாமல் எழுந்திருக்கும். முதல் நாள் இரவு எவரும் எதையும் தொட்டிருக்கமாட்டார்கள். கைபேசியின் கடிகாரம் பிசகியிருந்தாலும் இதே கதைதான். நேற்றுப் பிறந்த சான்றிதழை இன்னும் பிறக்கவில்லை என்று அது தள்ளிவிடும்.

இந்தக் காவல் முறையின் மிக அழகிய பயன் ஐரோப்பாவில் மலர்ந்தது. நெதர்லாந்தின் கல்வி வலையமைப்பாகிய சர்ஃப்நெட்டில் பணியாற்றிய கிளாஸ் வீரெங்கா என்பவர் 2002-ஆம் ஆண்டில் ஒரு யோசனையை முன்வைத்தார். ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் மற்றொன்றுக்குப் போனால், அங்குள்ள சர்வர் இவரை அறியாது. ஆனால் இவருடைய ஊர்ச் சர்வரைக் கேட்கலாம் அல்லவா? எடுரோம் என்ற ஏற்பாடு இவ்வாறு பிறந்தது. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்து மாணவி ஒருத்தி நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய கைபேசி சொல்லும் பெயர் மின்னஞ்சல் முகவரியைப் போன்றது. அதன் பின்பாதி, அவள் எந்தக் கல்விச்சாலையைச் சேர்ந்தவள் என்பதைக் காட்டும். உட்ரெக்ட் சர்வர் அதைப் பார்த்து, "இவள் நம்மவள் அல்லள்" என்று நாட்டுச் சர்வருக்கு அனுப்புகிறது. அது ஐரோப்பாவின் தலைமைச் சர்வருக்கும், அது போர்ச்சுகலின் நாட்டுச் சர்வருக்கும், அது போர்ட்டோவின் சர்வருக்கும் அனுப்புகிறது. விடை வந்த வழியே திரும்புகிறது. நடுவில் இத்தனை கைகள் இருந்தும் ஒருவரும் அவளுடைய கடவுச்சொல்லைக் காண்பதில்லை. சுரங்கம் அவளுடைய கைபேசியில் தொடங்கிப் போர்ட்டோவில்தான் முடிகிறது. அவள் விரும்பினால் தன் பெயரையும் மறைத்து, பின்பாதியை மட்டும் வெளியே காட்டலாம்.

இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. இந்தியாவில் எர்னெட் இதனை நடத்துகிறது. சேர்ந்துள்ள கல்விச்சாலையில் படிப்பவரானால் நீங்களும் உட்ரெக்ட் நூலகத்தில் போய் உட்கார்ந்து எவரையும் கேளாமல் படிக்கலாம்.

புறப்படும் முன் உங்கள் கல்விச்சாலை தரும் கோப்பைப் பதித்து, உள்ளூரிலேயே ஒரு முறை இணைத்துப் பார்த்துவிடுங்கள். போன இடத்தில் கோப்பை இறக்கிக்கொள்ள இணைப்பு வேண்டும். இணைப்புக்கோ கோப்பு வேண்டும். அங்கே "விடாதே" என்ற விடை வந்தால் அந்த ஊர்ப் பொறியாளரிடம் போய் முறையிட்டுப் பயன் இல்லை. அவர் செய்யக்கூடியது, உங்கள் விண்ணப்பம் தம்மிடமிருந்து புறப்பட்டதா என்று பார்த்துச் சொல்வது மட்டுமே. விடை எழுதியது உங்கள் ஊர்ச் சர்வர். அதைத் திருத்தக்கூடியவரும் உங்கள் கல்லூரியின் கணினி அறையில்தான் இருக்கிறார்.